ஆறடி பதப்படுத்தி வைத்த மண்

ஆறடி என்று பேரைக் கேட்டதும் விளக்குக் கம்பம் மாதிரி ஓர் ஆளை மனதில் நிறுத்திவிடாதீர்கள். அவர் நாலே முக்கால் அடி. அதுவும் காலையில் அளந்தால்தான். நாளெல்லாம் குனிந்து வேலை பார்த்துவிட்டுச் சாயங்காலம் நிமிரும்போது அரை அங்குலம் குறைந்திருக்கும். எங்கள் கோயிலின் கல்லறைத் தோட்டத்தில் முப்பத்தெட்டு வருஷம் குழி வெட்டியவர். ஆறடி ஆழம் என்றால் ஆறடி. ஒரு விரல்கடை குறைந்தாலும் மறுபடி உள்ளே இறங்கிவிடுவார். அப்படி வந்த பேர் அது. குழிக்குள் இறங்கிவிட்டால் அவர் தலை தெரியாது. மண் மட்டும் தானாகப் பறந்து வந்து வெளியே விழும். புதிதாக வந்த சாமியார் ஒருவர் முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு மூன்று தடவை சிலுவை போட்டுக்கொண்டார்.

நான் சவப்பெட்டி செய்கிறவன். பெட்டி என்னுடையது, குழி அவருடையது. இத்தனை வருஷத்தில் ஒரு ஆள்கூட வெளியே வந்து எங்கள் வேலையில் குறை சொன்னதில்லை.

அவருடைய குரலையும் சொல்லிவிடுகிறேன். ஆறடி ஆழத்திலிருந்து "தண்ணி கொண்டாங்கப்பா" என்று கத்திக் கத்திப் பழகிய தொண்டை. பூசையில் இருநூறு பேர் சேர்ந்து ஜெபம் சொன்னால், அவர் குரல் முன்னால் நடந்துபோகும். மற்ற குரல்கள் எல்லாம் பின்னாலே ஓடிவரும்.

எங்கள் மதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்கிறேன். பெரிய படிப்பு எனக்கு இல்லை, இழைப்புளி பிடித்த கைக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பிறந்ததும் தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்து உள்ளே சேர்ப்பார்கள். குழந்தை வீறிட்டு அழும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார்கள். வளர்ந்து தப்புச் செய்தால், பாவசங்கீர்த்தனம் என்று சாமியார் காதில் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசையில் சின்ன அப்பம் கொடுப்பார்கள். அது ஆண்டவருடைய உடல் என்று நம்பி வாங்கிக்கொள்கிறோம். இயேசு நமக்காகச் சிலுவையில் செத்தார், மூன்றாம் நாள் எழுந்தார். அவர் எழுந்ததால் நாமும் கடைசி நாளில் எழுந்திருப்போம்.

அந்தக் கடைசி வரியில்தான் ஆறடி டாக்டர் பட்டம் வாங்கினவர். நாங்கள் எல்லோரும் அதை நம்பினோம். அவர் அதற்கு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்.

"எக்காளம் ஊதுனதும் மண்ணு விலகும். எல்லாரும் எழுந்து உக்காருவாங்க. என் குழி நேரா இருக்கும், யாருக்கும் முழங்கை இடிக்காது. உன் பெட்டிதான் தம்பி கொஞ்சம் இறுக்கம். ஆணியக் கொறச்சு அடி" என்பார்.

இன்னொரு பழைய வழக்கமும் உண்டு. சூரியன் உதிக்கிற பக்கத்திலிருந்து ஆண்டவர் மறுபடி வருவார் என்று, எங்கள் தோட்டத்தில் எல்லோரையும் தலை மேற்கே, கால் கிழக்கே வைத்துத்தான் புதைப்பார்கள். எழுந்தால் நேரே அவர் முகத்தில் விழிக்கலாம். சாமியார்களை மட்டும் திருப்பி வைப்பார்கள். அவர்கள் எழுந்ததும் தங்கள் சனங்களைப் பார்த்தபடி நிற்க வேண்டுமாம். "செத்தும் பிரசங்கம் விடாது போல" என்று ஆறடி சிரிப்பார்.

அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, இறந்துபோனபோது குழியை அவரே வெட்டினார். வேறு யாரையும் மண்வெட்டி தொட விடவில்லை. அன்றைக்குக் குழிக்குள்ளிருந்து சத்தமே வரவில்லை, தண்ணீர்கூடக் கேட்கவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் போன பிறகு அவரும் மணிக்காரரும் மட்டும் நின்றார்கள். மணிக்காரர் என்றால் எங்கள் கோயிலில் மணி அடித்து, மெழுகுவர்த்தி ஏற்றி, சாமியாருக்கு உடுப்பு எடுத்துவைக்கிறவர். ஆறடிக்குப் பால்ய சிநேகிதர். ஒருவர் தும்மினால் இன்னொருவர் மூக்கைத் துடைப்பார், அவ்வளவு நெருக்கம்.

அந்த அக்காவின் ஒரு பக்கம் மதில். இன்னொரு பக்கம் காலி. அந்தக் காலி இடத்தை இரண்டு பேரும் பாதத்தால் அளந்தார்கள். மணிக்காரர் நாலு கல் பொறுக்கி வந்து, வெள்ளைப் பெயின்ட் பொட்டு வைத்து, நாலு மூலையிலும் நட்டார்.

"இது உன் இடம்டா. எவனும் தொடமாட்டான். நான் பாத்துக்கிறேன்" என்றார். அக்காவின் கால்மாட்டில் இருந்த இடத்தைத் தனக்கு என்று காட்டினார். "நான் முன்னாடி இருந்தாத்தான் சரி. எக்காளம் ஊதுறப்ப மணியும் அடிக்கணும்ல?"

அந்தக் கலங்கிய நேரத்திலும் ஆறடி சிரித்தார் என்று மணிக்காரரே பின்னாளில் என்னிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு ஆறடி ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தார். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் எங்களுக்குத் தவக்காலம். முதல் நாள் விபூதிப் புதன். போன வருஷத்துக் குருத்தோலையை எரித்த சாம்பலை நெற்றியில் பூசி, 'நீ மண், மண்ணுக்கே திரும்புவாய்' என்று சாமியார் சொல்வார். மற்றவர்களுக்கு அது தத்துவம். ஆறடிக்கு அது வேலை நினைவூட்டல். நாங்கள் எல்லாம் தவக்காலத்துக்குக் கறியை விடுவோம், சிகரெட்டை விடுவோம் (நான் விட்ட சிகரெட்டை எண்ணினால் ஒரு லாரி தேறும், அத்தனையும் மறுநாளே திரும்பி வந்துவிடும்). ஆறடி எதையும் விடமாட்டார். சாம்பல் நெற்றியோடு தன் இடத்துக்குப் போய், ஆறடி ஆழம் வெட்டி, கல் பொறுக்கி, கட்டி உடைத்து, மறுபடி மூடுவார். வருஷா வருஷம். எங்கள் தோட்டத்து மண் கல்லுக்குத் தம்பி. அந்த ஒரு இடம் மட்டும் அல்வா மாதிரி ஆகிவிட்டது.

"எதுக்குண்ணே இந்தப் பாடு?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எனக்கு யாரு வெட்டுவா? மணிதான் வெட்டணும். அவன் இடுப்பு ஏற்கெனவே ஒடிஞ்ச நாற்காலி. இந்த மண்ணுல போராடுனா, என்னப் பொதைக்க வந்தவன என் பக்கத்துலயே பொதைக்க வேண்டியதாயிரும். அதான் பதப்படுத்தி வைக்கிறேன்."

இப்படி ஆறு வருஷம்.

இதற்கு நடுவே பாட்டு வாத்தியார் என்று ஒருவரைச் சொல்ல வேண்டும். கோயில் பாடற்குழுவை நடத்தியவர், தேன் குரல். அந்தக் காலத்தில் அக்காவைப் பெண் கேட்டவர். அக்கா முடியாது என்று சொல்லி, இந்த நாலே முக்கால் அடியைக் கட்டிக்கொண்டார். பாட்டு வாத்தியார் கல்யாணமே பண்ணவில்லை, தங்கையோடு இருந்துவிட்டார். "அவன் கட்டிக்காததே என்னைக் கடுப்பேத்தத்தான்" என்பார் ஆறடி. அக்கா உயிரோடு இருந்தவரை பாடற்குழுவில் பாடியதால், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறடி கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பார். பாட்டு வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு உருகிப் பாடுவார். "ரெண்டு கண்ணையும் மூடுறானா பாரு. ஒண்ணுதான் மூடுறான்."

ஏழாவது வருஷம், தவக்காலத்துக்கு மூன்று வாரம் முன்னால், ஆறடிக்குக் கண்ணில் புரை ஆபரேஷன். வேறு ஊரிலிருந்த மகள் வந்து கையோடு கூட்டிப்போனாள். குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது, அழக்கூடாது என்று டாக்டர் உத்தரவு. மணிக்காரர் தினமும் காலையில் போன் போட்டு, சொட்டு மருந்து விட்டாயா என்று கேட்பார்.

அவர் போன நாலாம் நாள், ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடிய பாட்டு வாத்தியார், திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கவில்லை. நான் பெட்டி செய்தேன். செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு அடக்கம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போனால், குழி அக்காவின் பக்கத்தில் இருந்தது.

அது ஆறடியின் இடமாயிற்றே. சாமியாரும் "இது யாரோ ஒதுக்கி வச்ச இடம்னு சொன்னாங்களே?" என்று கேட்டார்.

மணிக்காரர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "அவன்கிட்ட போன்ல கேட்டாச்சு சாமி. தாராளமாக் கொடுங்கன்னு சொல்லிட்டான்" என்றார்.

பாட்டு வாத்தியாரின் தங்கை அதைக் கேட்டு விம்மி அழுதார். எனக்கும் கண் கலங்கியது. எவ்வளவு பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததோடு நிறுத்தினேன், போன் பண்ணிக் கேட்கவில்லை. அது என் பங்கு. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சாமியார் இதையே எடுத்துப் பேசி, தனக்கென்று வைத்த கல்லறையை ஆண்டவருக்குக் கொடுத்த ஒரு நல்ல மனிதரைப் பற்றி வேதத்தில் வருகிறதே, அவரோடு ஆறடியைச் சேர்த்துவிட்டார்.

விபூதிப் புதன் அன்று ஆறடி திரும்பி வந்தார். கறுப்புக் கண்ணாடி, இஸ்திரி போட்ட சட்டை. வில்லன் வேஷத்துக்கு ஆள் எடுக்கிற இடத்தில் நிறுத்தினால் உடனே எடுத்திருப்பார்கள், உயரம் மட்டும் தடை. பூசை முடிந்ததும் ஆள் ஆளாக வந்து அவர் கையைப் பிடித்தார்கள்.

"பெரிய காரியம் பண்ணிட்டீங்க."

"இந்த மனசு எவனுக்கு வரும்!"

ஆறடி ஆபரேஷனைச் சொல்கிறார்கள் என்று நினைத்துவிட்டார். "அதுல என்ன இருக்கு? அரை மணி நேரம். வலியே தெரியல" என்றார். பாட்டு வாத்தியாரின் தங்கை ஓடிவந்து அவர் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அண்ணே, எங்க அண்ணன் ஆத்மா உங்கள வாழ்த்தும்" என்று அழுதார்.

ஆறடி என் பக்கம் திரும்பினார். "கண்ணு ஆபரேஷனுக்கு இவ்வளவு மரியாதையா தம்பி? தெரிஞ்சிருந்தா ரெண்டையும் எப்பவோ பண்ணியிருப்பேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவருக்கு ஒன்றுமே தெரியாது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் மண்வெட்டியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு தோட்டத்துக்கு நடந்தார். "டாக்டர் குனியக் கூடாதுன்னாரு அண்ணே" என்று பின்னாலே ஓடினேன். "நான் குனியல. சும்மா மேலாக் கிளறிட்டு வந்துர்றேன்."

புது மேடு. மேலே மரச் சிலுவை. சிலுவையில் பாட்டு வாத்தியார் பேர். ஆறடி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். ஆபரேஷன் பண்ணாத கண்ணை மூடிப் பார்த்தார், பண்ணின கண்ணை மூடிப் பார்த்தார். இரண்டு கண்ணுக்கும் அதே பேர்தான் தெரிந்தது. அந்த நாலு கல்லும் மதிலோரம் ஒன்றின்மேல் ஒன்றாக அழகாக அடுக்கியிருந்தது. பெயின்ட் பொட்டு எல்லாம் ஒரே பக்கம் பார்க்க.

அந்த அடுக்கைப் பார்த்ததும்தான் அவர் முகம் மாறியது. தூக்கிப் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருக்கிறது.

நேரே கோயிலுக்கு நடந்தார், நான் பின்னாலே. மணிக்காரர் கோயில் பின்னறையில், மிஞ்சிய சாம்பலைக் கிண்ணத்திலிருந்து டப்பாவில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா! கண்ணு எப்படி இருக்கு?"

"நல்லாத் தெரியுது. எல்லாமே தெரியுது."

மணிக்காரர் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"யாரக் கேட்டுடா வெட்டுன?"

"சொல்லலாம்னுதான்டா இருந்தேன்."

"எப்ப? எக்காளம் ஊதுன பிறகா?"

"நீ கண்ணுல கட்டோட கெடக்குற. அழக் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. அந்த நேரத்துல எப்படிடா சொல்றது?"

"தலைக்குக் குளிக்காத, வெயில்ல போகாத, எல்லாம் கேட்டியே தினமும்! யூதாஸாவது ஆண்டவரக் காட்டிக்கொடுக்க ஒரே ஒரு முத்தம்தான்டா கொடுத்தான். நீ எத்தன நாளு போன் பண்ணியிருக்க!"

மணிக்காரர் சுவரோடு ஒட்டி நின்றார். "காலையிலேர்ந்து மூணு பேரு வெட்டுனோம்டா. மூணு இடம் மாத்துனோம். கடப்பாரை வளைஞ்சுபோச்சு, முழங்கால் ஆழம்கூடப் போகல. மணி ரெண்டு ஆயிருச்சு. நாலுக்குப் பெட்டி வந்துரும். எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு. சும்மா உன் இடத்துல மண்வெட்டிய வச்சுப் பாத்தேன். வச்சதுதான் தெரியும். கேக்குல கத்தி எறங்குன மாதிரி எறங்கிருச்சு."

"அது உனக்காகத்தான்டா வெட்டி வெட்டி வச்சேன்!" ஆறடியின் குரலில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, மேலே கோபுரத்தில் மணியே லேசாக முனகியது என்று நான் எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். "உன் இடுப்ப நெனச்சு வச்சேன்! அதுல அவனக் கொண்டுபோய்ப் படுக்க வச்சிருக்கியே! உன் இடம் அங்கதானே இருந்துச்சு, கால்மாட்டுல? அதுல வைக்கிறது?"

"அது பாறைடா."

"ஆமா. உன் இடம் பாறை, என் இடம் பஞ்சு." மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார். "சரி, வெட்டுன. நான் சம்மதிச்சேன்னு எதுக்குடா சொன்ன?"

"சாமியார் கேட்டாரு. அந்தப் பொண்ணு வேற அழுதுக்கிட்டு நின்னுச்சு. வாயில வந்துருச்சு."

"இப்ப நான் போய், அது என் இடம், உன் அண்ணன எடுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லணுமா? என் கையக் கண்ணுல ஒத்திக்கிட்டுப் போகுதுடா அது. என் வாயக் கட்டிட்டியே."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவை. தங்கைக்கு உண்மை தெரியவே இல்லை. அவரும் போன வருஷம் போய்ச் சேர்ந்தார். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், இயேசு சொல்லிக்கொடுத்த ஜெபம் வந்தது. அதில், எங்களுக்குத் தீங்கு செய்தவர்களை நாங்கள் மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று ஒரு வரி உண்டு. வழக்கம்போல ஆறடி குரல் முன்னே போய்க்கொண்டிருந்தது. அந்த வரி வந்ததும் நின்றுவிட்டது. முன்னே போன வண்டி திடீரென்று நின்றால் பின்னால் வருகிறதெல்லாம் மோதும் இல்லையா? அந்த மாதிரி இருநூறு குரலும் தடுமாறி ஒன்றின்மேல் ஒன்று விழுந்தன. அடுத்த வரியில் அவர் மறுபடி சேர்ந்துகொண்டார். ஒவ்வொரு வாரமும் இதே கதை.

அப்பம் வாங்கவும் எழுந்து போகவில்லை. சகோதரனோடு மனத்தாங்கலை வைத்துக்கொண்டு பீடத்துக்கு வராதே என்று எங்களுக்குச் சொல்லியிருக்கிறது. பொய்யாகப் போய் வாங்க அவருக்குத் தெரியாது.

பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நாள் வந்தார். அங்கே சொல்வது சாமியாருக்கும் ஆண்டவருக்கும் மட்டும். சாமியார் உயிரே போனாலும் வெளியே விடமாட்டார். ஆனால் ஆறடி குரலுக்கு அந்தப் பலகைத் தடுப்பு எந்த மூலைக்கு? வரிசையில் நின்ற நாங்கள் ஒன்பது பேரும் காதைப் பொத்திக்கொண்டோம். விரலிடுக்கு வழியாக வந்தது இது.

"சாமி, ஒருத்தன மன்னிக்க மனசு வரல."

சாமியார் ஏதோ முணுமுணுத்தார்.

"கேட்டுட்டேன் சாமி. தினமும் கேக்குறேன். வரல."

மறுபடி முணுமுணுப்பு.

"மன்னிக்கணும்கிற ஆசை வரணும்னு கேக்கவா? அது எத்தன நாளு ஆகும்?"

புனித வியாழன் வந்தது. சாகிறதற்கு முந்தின நாள் இயேசு தன் பன்னிரண்டு சீடர்களின் காலைக் கழுவினார். காட்டிக்கொடுக்கப் போகிறவன் காலையும் சேர்த்து. அந்த நினைவாகச் சாமியார் பன்னிரண்டு பேர் காலைக் கழுவித் துடைப்பார். (பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே நாலு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வருவார்கள். சாமியார் கழுவுவது ஐந்தாவது தடவை.) சாமியார் வேண்டுமென்றே செய்தாரா தெரியாது, மணிக்காரரையும் ஆறடியையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் போட்டிருந்தார். சாமியார் மணிக்காரரின் காலைக் கழுவி முடித்து, ஆறடி முன்னால் வந்து முட்டி போட்டார். ஆறடி காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

"அதே தண்ணி வேணாம் சாமி. வேற ஊத்துங்க."

ரகசியமாகத்தான் சொன்னார். கோயில் முழுக்கக் கேட்டது. பாடற்குழு பாட்டை நிறுத்திவிட்டது. வேறு தண்ணீர் கொண்டுவருவது யார் வேலை? மணிக்காரர் வேலைதான். அந்த மனிதர் ஈரக்காலோடு எழுந்து, தாம்பாளத்தை எடுத்து, பீடத்துக்குப் பின்னால் போய்க் கொட்டி, புதுத் தண்ணீரோடு அத்தனை பேர் முன்னாலும் நடந்து வந்தார். தரையெல்லாம் அவர் கால் தடம். எனக்குச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றுவிட்டது.

வியாழன் பூசை முடிந்தால் ஈஸ்டர் வரை கோயில் மணி ஊமை. ஆண்டவர் சாவுக்குத் துக்கம். மணிக்குப் பதில் ஒரு பலகையில் கட்டையால் தட்டுவார்கள். அதனால் வெள்ளிக்கிழமை மணிக்காரருக்கு வேலையில்லை. மத்தியானம் தோட்டத்துக்கு வந்தார். ஆறடி அக்காவின் கல்லறை அருகே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு சிலுவைக்கு ஆணி அடிக்க வந்திருந்தேன்.

"டேய்" என்றார் மணிக்காரர். "கால்மாட்டு இடத்த நீ எடுத்துக்கோ."

ஆறடி திரும்பவில்லை. "அங்க வச்சா, அவ எழுந்ததும் என் முதுகத்தான் பாப்பா."

"எங்கிட்ட இருக்கறது அது ஒண்ணுதான்டா."

மணிக்காரர் போய்விட்டார். ஆறடி வெகு நேரம் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தூரத்தில் இருந்த சாமியார்களின் கல்லறைகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"தம்பி, சாமியார்கள மட்டும் திருப்பித்தானே வைக்கிறாங்க?"

"ஆமாண்ணே."

"அப்படி வச்சா, கால்மாட்டுல இருக்கறவன் அவ மூஞ்சியப் பாத்துத்தானே எழுந்திருப்பான்?"

"அண்ணே, அது சாமியார்களுக்கு மட்டும். கேட்டா விடமாட்டாங்க."

"யாரு கேக்கச் சொன்னா? பெட்டிய மூடுன பிறகு தல எந்தப் பக்கம்னு உனக்குத்தானே தெரியும்? தோள் பக்கம் அகலம், கால் பக்கம் ஒடுக்கம்னு செய்யாத. ரெண்டு பக்கமும் ஒரே அளவா அடி. மூடி மேல சிலுவைய மாத்திப் போடு." முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "அந்தப் பாட்டுக்காரன் பக்கத்துல நின்னு பாடட்டும். அவ பாக்குறது என் மூஞ்சியத்தான்."

நான் சத்தியம் செய்துகொடுத்தேன். கோயிலை ஏமாற்றச் சத்தியம் செய்த ஒரே பெட்டிக்காரன் நானாகத்தான் இருப்பேன்.

இடம் கிடைத்துவிட்டதே, இனிமேல் மணிக்காரரோடு பேசுவார் என்று நினைத்தேன். இல்லை. ஈஸ்டர் பூசையில், பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரத்தில், மணிக்காரர் கையை நீட்டிக்கொண்டு வந்தார். ஆறடி குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

விபூதிப் புதன் தோறும் அந்தப் புது இடத்துக்கு மண்வெட்டியோடு போனார். கூடவே தரை கெட்டிக்கிற கனத்த கட்டை ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனார். சரி, இங்கேயும் மண்ணைப் பதப்படுத்துகிறார், மனசு இறங்கிவிட்டது என்று நானே மணிக்காரரிடம் சொன்னேன். அவர் மணிக்கயிற்றைச் சுற்றி ஆணியில் மாட்டினார்.

மூன்றாவது வருஷம் மழைக்காலத்துக்கு முன்னால் ஆறடி போய்விட்டார். காய்ச்சல், இரண்டு நாள். சாமியார் வந்து எண்ணெய் பூசி, ஜெபம் சொல்லி, கடைசி அப்பமும் கொடுத்தார். வாங்கிக்கொண்டார் என்று மகள் சொன்னாள். வாங்குவதற்கு முன்னால் சாமியாரிடம் என்ன சொன்னார் என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அவர் குரல் அவ்வளவு மெலிந்துவிட்டதாம்.

மகளிடம் ஒன்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். "மணி மட்டும்தான் வெட்டணும். வேற எவனும் மண்வெட்டியத் தொடக் கூடாது."

மணிக்காரர் வெட்டினார். பதமான மண் என்று நம்பி முதல் வெட்டுப் போட்டார். 'டங்' என்றது. மண்வெட்டி திரும்பிக் குதித்தது. மூன்று வருஷமாக ஆறடி அந்த மண்ணை வெட்டி, பிடி பிடியாகப் போட்டுக் கெட்டித்து வைத்திருக்கிறார்! பாறையே அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். நான் கடப்பாரையை எடுத்தேன். "தள்ளிப் போ. என்னத்தான் வெட்டச் சொன்னான்" என்றார்.

முழங்கால் ஆழத்தில் ஒரு மூலையில் வேறு மாதிரிச் சத்தம் வந்தது. ஒரு கல். வெள்ளைப் பெயின்ட் பொட்டு. மணிக்காரர் அதைக் கையில் எடுத்துப் பொட்டின் மேலிருந்த மண்ணைத் துடைத்தார். இடுப்பு ஆழத்தில் இரண்டாவது. மார்பு ஆழத்தில் மூன்றாவது. மறுநாள் மத்தியானம் நாலாவது கல் வந்தபோது அவர் தலை வெளியே தெரியவில்லை. உள்ளே சத்தமும் இல்லை. எட்டிப் பார்த்தேன். நாலாவது கல்லை மடியில் வைத்துக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்தார். கைகளில் கொப்புளம் உடைந்து மண்ணெல்லாம் சிவப்பு.

"நாலையும் திருப்பிக் கொடுத்துட்டான்" என்றார்.

வெளியே வந்ததும் அந்த நாலு கல்லையும் குழியின் நாலு மூலையில் வைத்தார். பொட்டு மேலே தெரிகிற மாதிரி.

அடக்கத்தில் குழியைச் சுற்றி நின்று அந்த ஜெபத்தைச் சொன்னோம். அந்த வரி வந்தது. மூன்று வருஷப் பழக்கம். அங்கே ஒரு பள்ளம் இருக்கும் என்று எங்கள் நாக்கெல்லாம் தெரிந்து வைத்திருந்தது. இருநூறு பேரும் ஒன்றாக நின்றுவிட்டோம். காற்று மட்டும்தான். மணிக்காரர் தனியாக அந்த வரியைச் சொன்னார். பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

சாமியார் மூடியில் சிலுவையின் தலை இருந்த பக்கமாக நின்று, ஆறடியின் தலை என்று நினைத்து ஆறடியின் காலுக்குப் புனித நீர் தெளித்தார். நான் குனிந்துகொண்டேன்.

கயிறு கட்டி இறக்கும்போது, கால்மாட்டுப் பக்கம் மணிக்காரரும் நானும்.

"என்னப்பா, கால் பக்கம் இவ்வளவு கனம்?" என்று கிசுகிசுத்தார்.

"பேசாமப் பிடிங்க."

அவர் மூடியைப் பார்த்தார். அக்காவின் கல்லறையைப் பார்த்தார். தூரத்துச் சாமியார்கள் பக்கம் ஒரு பார்வை போய் வந்தது. கயிறு அவர் கையில் ஒரு நொடி நின்றது.

"அடப்பாவி. எங்கிட்டக்கூடச் சொல்லலியே."

"அன்னைக்கு நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?" என்றேன். "கயித்த விடுங்க."